நாலாவது குழி

ஆழ நில அதிர்வு ஆய்வில் உங்கள் அனுபவத்தை எழுதிக் கொடுங்கள், புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்கு உதவும் என்று கேட்டிருக்கிறீர்கள். அலை எப்படிக் கீழே போகிறது, எப்படித் திரும்புகிறது, அதை எந்த மென்பொருளில் போட்டு எப்படிப் படமாக்குவது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. நான் பழகிய பொத்தான்கள் இப்போது இருக்கின்றனவா என்பதே சந்தேகம். அதனால் அதையெல்லாம் விட்டுவிட்டு ஒரே ஒரு திங்கட்கிழமையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். எழுத உட்காரும்போதே உள்ளங்கை வேர்க்கிறது. சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

மாதனூரில் ஒரு கல்யாண மண்டபத்தை எடுத்து முகாம் போட்டிருந்தோம். அங்கிருந்து ஒடுகத்தூர் தாண்டி மலையடிவாரம் வரை எங்கள் ஆய்வுக் கோடு. வேலை என்னவோ எளிமையானதுதான். தரையில் ஆழமாகக் குழி போட்டு, வெடிமருந்து இறக்கி, வெடிப்போம். அந்த அதிர்ச்சி முப்பது நாற்பது கிலோமீட்டர் கீழே போய், பாறை மாறுகிற இடங்களில் பட்டு, எதிரொலியாகத் திரும்பும். கோடு நெடுக நட்டு வைத்திருக்கிற ஜியோபோன்கள் அதைக் கேட்டுப் பதிவு செய்யும். நாங்கள் தேடியது, பல நூறு கோடி வருடப் பழமையான இரண்டு பாறைத் துண்டங்கள் கீழே எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிற இடத்தை. மேலே நின்று பார்த்தால் வேர்க்கடலையும் நெல்லும்தான் தெரியும்.

அந்த வட்டாரத்தில் எங்களுக்குப் பெரிய பேஜார் பாறை அல்ல, பஸ். ஷூ கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிப் போகிற பஸ்கள் ஊர் ஊராக நின்று வரும். ஜியோபோனுக்குக் காது மெல்லியது. நாற்பது கிலோமீட்டர் ஆழத்திலிருந்து வருகிற எதிரொலியைவிட, ரோட்டில் போகிற பஸ்ஸின் உறுமல் அதற்கு நன்றாகக் கேட்கும். அதனால் இரண்டு பஸ்களுக்கு நடுவே கிடைக்கிற அமைதியில்தான் வெடிக்க வேண்டும். எந்தக் கம்பெனி பஸ் எத்தனை மணிக்கு எங்கே நிற்கும் என்பது அதில் போகிற பெண்களைவிட எனக்கு மனப்பாடம். வாக்கிடாக்கியில் "பஸ் வந்துடும், பஸ் வந்துடும்" என்று கத்திக்கொண்டே இருப்பேன். முகாமில் எனக்கு அதையே பட்டப்பெயராக வைத்திருந்தார்கள் என்று பின்னால்தான் தெரிந்தது.

எங்கள் வெடிப் பொறுப்பாளர் கஜேந்திரன். என்னைவிட மூன்று வயது மூத்தவர். உரிமம் உள்ளவர், நிதானஸ்தர், இத்தனை வருடத்தில் ஒரு நகம்கூட இழக்காதவர். மருந்து இறக்குவதும், கம்பி இணைப்பதும், வெடிப்பதும் அவர் வேலை. எல்லாக் குழியும் வெடித்துவிட்டது என்று அவர் எழுதித் தரும் சீட்டில் கையெழுத்துப் போடுவது என் வேலை.

ஒடுகத்தூர் தாண்டி, மலைக்குக் கீழே, சரோஜா என்பவரின் நிலத்தில் நாலு குழி போட்டோம். சரோஜா ஆம்பூரில் ஷூ கம்பெனித் தையலில் பல வருடம் இருந்துவிட்டு, கண் ஒத்துழைக்காமல் நின்றுவிட்டவர். கணவர் இல்லை. கிணறு வற்றிப்போய், அந்த வருட வேர்க்கடலை வாடிக்கொண்டிருந்தது. குழி போட அனுமதி கேட்டுப் போனபோது மறுக்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார். தண்ணீர் எந்தக் குழியில் ஜாஸ்தி ஊறுகிறது என்று தனக்குச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். அந்தப் பக்கத்து விவசாயிகள் எல்லாருமே அதைத்தான் கேட்பார்கள். எங்கள் குழியை அவர்கள் இலவச நீரோட்டம் பார்ப்பதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

வரப்புக்கு இந்தப் பக்கம் மூன்று குழி, அந்தப் பக்கம் ஒன்று. அந்த நாலாவது குழிதான் எல்லாவற்றிலும் ஆழம். எண்பதடிக்குக் கீழே நன்றாகத் தண்ணீர் ஊறியது. தண்ணீர் சூழ்ந்த குழியில் வெடித்தால் அதிர்ச்சி வீணாகாமல் பாறைக்குள் இறங்கும் என்பதால், மருந்தில் பாதிக்கு மேல் அதில்தான் இறக்கினோம். கஜேந்திரன் சரோஜாவிடம் சொன்ன வாக்கு மாறாமல் நாலாவது குழியைக் காட்டிக் கொடுத்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் வெடித்தோம். நான் வழக்கம்போல வாக்கிடாக்கியில் கத்தினேன். வெடித்த பிறகு கம்பிகளை வெட்டி எடுத்து, குழி வாயை மண் போட்டு மூடி, அடையாளக் கொடிகளைப் பிடுங்கிக்கொண்டு ஆட்கள் வந்துவிட்டார்கள். நாலும் வெடித்தது என்று சீட்டு வந்தது. கையெழுத்துப் போட்டேன்.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை, சந்தோஷத்தில். அதுவரை எல்லா இடத்திலும் தெளிவாக வந்துகொண்டிருந்த ஆழத்து எதிரொலி, சரோஜாவின் நிலத்தில் வெடித்தபோது மட்டும் மங்கிப் போயிருந்தது. எனக்கு உடனே ஒரு விளக்கம் தோன்றியது. கீழே அடித்தளப் பாறை நொறுங்கிக் கிடக்கிறது, அது அலையைக் குடித்துவிடுகிறது, இரண்டு துண்டங்கள் மோதி ஒட்டிய இடம் இதுதான். ஓய்வு பெற நாலே வருடம் இருந்தது. என் பெயர் சொல்ல ஒரு கண்டுபிடிப்பும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலை தலைமையகத்துக்குப் போன் போட்டுச் சொன்னேன். மேலதிகாரி மகிழ்ந்துபோய், திங்கள் மதியத்துக்குள் படம் அனுப்பு, பதிவை முதல் நொடியிலிருந்து முழுசாகப் போட்டு அனுப்பு என்றார்.

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். நாம் யாரும் பதிவின் முதல் நொடியைப் பார்ப்பதில்லை. அதில் இருப்பது மேல்மண்ணின் இரைச்சல். நமக்கு வேண்டியது ஆழம். அதை வெட்டிவிட்டுத்தான் உட்காருவோம். நானும் இரண்டு நாளாக அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திங்கள் காலை மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் மடிக்கணினியை விரித்து முழுப் பதிவையும் போட்டேன். குழிக்குப் பக்கத்தில் இருக்கிற ஜியோபோன்கள் எப்போதும் அதிர்ச்சி தாங்காமல் அலறும். அவற்றின் அலைக்கோடு திரையின் மேல்விளிம்பிலும் கீழ்விளிம்பிலும் மோதி வெட்டுப்பட்டு நிற்கும். சனிக்கிழமைப் பதிவில் அவை அழகாக, முழுசாக, வெட்டுப்படாமல் இருந்தன. பாறை நொறுங்கியிருப்பது பல கிலோமீட்டர் கீழே என்றால், குழிக்கு இருபதடி தள்ளி இருக்கிற ஜியோபோனுக்கு என்ன கேடு? அது ஏன் அலறவில்லை? ஆழத்தில் ஒன்றும் ஆகவில்லை. எங்கள் வெடிதான் பாதி. 

கஜேந்திரனைக் கூப்பிட்டேன். மணி எட்டே முக்கால்.

நாலு குழியும் போயிற்றா என்று கேட்டேன். போயிற்று என்றார். நாலாவதை உங்கள் கண்ணால் பார்த்தீர்களா என்று கேட்டேன். அவர் டீ டம்ளரை மேஜைமேல் வைத்தார்.

"சத்தம் எல்லாம் ஒண்ணாத்தான சார் வரும். சேத்துத் தண்ணி மூணு எழும்புனத பாத்தேன். நாலாவது வரப்புக்கு அந்தாண்ட. போய்ப் பாத்துருக்கணும். நீங்க பஸ் பஸ்னு அவசரப்படுத்தினீங்க, அடுத்த பாயின்ட்டுக்குப் போய்ட்டேன்."

குற்றம் சாட்டுகிற குரலில் அவர் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார். அதனால்தான் எனக்கு அதிகமாக வலித்தது. பிறகு அவர் முகம் மாறியது.

"சார், அந்தம்மா இன்னிக்கு போர் போடுது. பூஜைக்கு வாங்கன்னு எனக்கு போன் பண்ணுச்சு. நாலாவது குழி மேலயே போடுது சார். நான்தான் எடம் காட்டினேன்."

சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்கிறேன். மருந்தும், அதைக் கிளப்புகிற டெட்டனேட்டரும், எண்பதடி ஆழத்தில் அப்படியே இருக்கலாம். அதன்மேல் போர்வெல் வண்டியின் சுத்தியல் இறங்கப் போகிறது. மேலே வண்டி ஆட்கள், சரோஜா, பூஜைக்கு வந்த அக்கம்பக்கத்தார். திங்கட்கிழமை, ஏழரையிலிருந்து ஒன்பது ராகுகாலம். ஒன்பது மணிக்கு முன்னால் யாரும் துளை போட ஆரம்பிக்க மாட்டார்கள். வாழ்நாளில் முதல்முறையாக ராகுகாலத்துக்கு நன்றி சொன்னேன்.

சரோஜாவுக்குப் போன் போட்டோம். மலையடிவாரம், தொடர்பு எல்லைக்கு வெளியே. திரும்பத் திரும்பப் போட்டோம். அந்தப் பெண் குரல் திரும்பத் திரும்ப அதையே சொன்னது. சோதனைக் கருவியை எடுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினோம்.

அந்தப் பயணத்தைப் பற்றி என்ன எழுதுவது? ரோடு வேலை நடந்த இடத்தில் ஒரு லாரி குறுக்கே நின்றுகொண்டு நகரவில்லை. கஜேந்திரன் இறங்கி ஓடிப்போய் அந்த டிரைவரோடு சண்டை போட்டார். நான் உட்கார்ந்த இடத்தில் இரண்டு பயத்தை மாற்றி மாற்றிப் பயந்துகொண்டிருந்தேன். நான் நினைத்தது சரி என்றால் இந்நேரம் எல்லாம் முடிந்திருக்கும். தவறு என்றால், ஒரு மாதம் காத்திருந்து வரவழைத்த வண்டியை நிறுத்துகிறேன். அந்த வண்டி கிளம்பிப் போனால் அடுத்து எப்போது வருமோ, அதற்குள் வேர்க்கடலை சருகாகிவிடும். இரண்டிலும் சேதம் சரோஜாவுக்குத்தான். எனக்கு வெறும் அவமானம்.

ஒடுகத்தூர் தாண்டியதுமே போர்வெல் வண்டியின் கம்ப்ரஸர் சத்தம் கேட்டது. ஓடுகிறது என்றால் இன்னும் வெடிக்கவில்லை. அந்த நாராசமான சத்தம் எனக்கு அவ்வளவு இனிமையாக இருந்தது. அடுத்த வினாடியே, இறங்கிக்கொண்டிருக்கிறது என்று உறைத்தது.

வரப்பில் ஓடினோம். கற்பூரம் எரிந்த தட்டு ஓரமாக இருந்தது. வெள்ளைப் புழுதி கிளம்பிக்கொண்டிருந்தது. மூன்றாவது ராடு முக்கால்வாசி இறங்கியிருந்தது. ஒரு ராடு இருபதடி. கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். கத்தினால் கேட்காது என்பதால் கஜேந்திரன் வண்டிக்காரரின் கையைப் பிடித்தே நிறுத்தினார்.

சத்தம் நின்றதும் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இங்கேதான் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. 'இருக்கலாம்' என்று சொன்னால் வாக்குவாதம் ஆகும், பாதிப் பேர் நகர மாட்டார்கள். எனக்கு நிச்சயமாகத் தெரியாது. இருந்தாலும், இருக்கிறது என்றே சொன்னேன். எங்கள் மருந்து கீழே வெடிக்காமல் இருக்கிறது, எல்லாரும் ரோட்டுக்குப் போங்கள் என்றேன்.

சரோஜா நகரவில்லை. சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். ஆனால் குரலை உயர்த்தாமல்தான் கேட்டார்.

"பூமிக்குக் கீழ இன்னா இருக்குதுன்னு பாக்க வந்தோம்னு சொன்னீங்களே சார். நீங்க வெச்சதே உங்களுக்குத் தெரியலையா?"

  தெரியவில்லை அம்மா, தப்பு என்னுடையது, தயவுசெய்து போங்கள் என்று கும்பிட்டேன். போனார்.

எல்லாரும் ரோட்டுக்குப் போன பிறகு கஜேந்திரன் மட்டும் வண்டிக்குப் பக்கத்தில் மண்டி போட்டு, துளையிலிருந்து ஒரு முழம் தள்ளிக் கையால் மண்ணைத் தோண்டினார். வெட்டிவிட்ட கம்பியின் மிச்சம் இரண்டு நுனி கிடைத்தது. சுரண்டித் துடைத்து, கருவியில் இணைத்தார். வெடித்த குழியென்றால் கீழே கம்பி அறுந்திருக்கும், முள் அசையாது. நான் வரப்பில் நின்று அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் திரும்பவில்லை. கையை மட்டும் மெதுவாக உயர்த்தினார். முள் அசைந்துவிட்டது. பிறகு அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். 

அடுத்த சிக்கல் வண்டி. ராடு உள்ளே இருக்கும்போது வெடித்தால் வண்டியே போய்விடும். சுத்தியலை ஓட்டாமல், சுற்றாமல், மெதுவாக மேலே இழுக்க முடியுமா என்று வண்டிக்காரரைக் கேட்டேன். திருச்செங்கோட்டுப் பக்கத்து ஆள். "வண்டிய விட்டுட்டுப் போக முடியாதுங்க, இழுத்துரலாமுங்க" என்றார். அவரைத் தனியே விட எனக்கு மனம் வரவில்லை. பக்கத்தில் போய் நின்றேன். நின்றதால் ஒரு பயனும் இல்லை, ராடைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் உன் தப்புக்கு இன்னொருவன் உயிரைப் பணயம் வைக்கும்போது நீ ரோட்டில் நிற்கக் கூடாது. மூன்று ராடும் வெளியே வருவதற்குள் என் சட்டை முழுக்க நனைந்திருந்தது.

வண்டி ரோட்டுக்குப் போனது. தொடர்பு கிடைக்கிற இடம்வரை போய், சொல்ல வேண்டியவர்களுக்குப் போனில் சொல்லி, சுற்றிலும் ஆள் நிறுத்தி, இரண்டு முறை தலை எண்ணிவிட்டு, கஜேந்திரன் வெடித்தார். தரை ஒருமுறை காலுக்கடியில் எகிறியது. சேற்றுத் தண்ணீர் பனைமர உயரத்துக்குக் கிளம்பி, காலையில் பூஜை போட்ட இடத்தில் வந்து விழுந்தது.  வண்டிக்காரர் தன் ஆட்களை ஒவ்வொருவராகத் தொட்டுப் பார்த்தார்.

மீதிக் கதை சுருக்கம்தான். வேறு ஊருக்குப் போக வேண்டிய வண்டிக்காரர், பெரிய மனது பண்ணி, நிலத்தின் மறுகோடியில் அன்றைக்கு மதியமே துளை போட்டார். சாயங்காலம் தண்ணீர் வந்தது. அபாரமாக இல்லை, வேர்க்கடலைக்குப் போதும். தலைமையகத்துக்கு எழுதினேன்: நொறுங்கிய பாறை எதுவும் இல்லை, ஒரு குழி வெடிக்கவில்லை, வெடித்ததாக நான் கையெழுத்துப் போட்டேன். கஜேந்திரன் தன் பெயரை மட்டும் எழுதச் சொன்னார். இரண்டு பெயரையும் எழுதினேன். இரண்டு பேருக்கும் விளக்கக் கடிதம் வந்தது, வந்ததுதான் நியாயம்.

அன்று கிளம்பும்போது சரோஜா பூஜைத் தேங்காயில் ஒரு மூடியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். எப்போது சார் உங்களுக்கு இது தெரிந்தது என்று கேட்டார்.

"தெரிஞ்ச உடனே கிளம்பிட்டோம்மா" என்றேன்.

"நல்லகாலம் சார். வேற ஆளா இருந்தா, நமக்கு இன்னான்னு போய்ட்டிருப்பான்" என்றார்.

நான் சொன்னது பொய். இதை அந்த விளக்கக் கடிதத்திலும் எழுதவில்லை, கஜேந்திரனிடமும் சொல்லவில்லை. உங்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன். முதல் நொடியை நான் பார்த்தது எட்டே முக்காலுக்கு அல்ல, எட்டு இருபத்தைந்துக்கு. பார்த்ததும் புரிந்துவிட்டது. புரிந்த பிறகும் இருபது நிமிடம் அந்த மடிக்கணினியின் முன் உட்கார்ந்திருந்தேன். ஜியோபோன் சரியாக நடப்படாமல் இருக்கலாம், மண் இளகலாக இருக்கலாம், ஒரு அளவை மாற்றினால் சரியாகலாம் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். நான் காப்பாற்றப் பார்த்தது என் கண்டுபிடிப்பை. போர் போடுவது அப்போது எனக்குத் தெரியாதுதான். ஆனால் வெடிக்காத மருந்து ஒருத்தியின் நிலத்துக்குள் கிடக்கிறது என்பது தெரியும். வேறு எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

அந்தப் பாறையில் இருபது நிமிடத்துக்கு ஒரு ராடு இறங்கும் என்று வண்டிக்காரரிடம் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். அந்த இருபது நிமிடம் முன்னால் கிளம்பியிருந்தால் மூன்றாவது ராடு இறங்கியே இருக்காது. இன்னொரு இருபது நிமிடம் உட்கார்ந்திருக்க மாட்டேன் என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது. இன்னும் இரண்டு அளவுகள் மாற்றிப் பார்க்க மிச்சம் இருந்தன.

சரோஜா ஒவ்வொரு பொங்கலுக்கும் வாட்ஸாப்பில் வாழ்த்து அனுப்புகிறார். கூடவே அவர் நிலத்தின் போட்டோ ஒன்றும் வரும். நான் கும்பிடுகிற கைப் படம் ஒன்றைப் பதிலுக்கு அனுப்புகிறேன்.